மஞ்சள் குடித்த ரேடியேட்டர்

அம்மா, பிளாஸ்டிக் நாற்காலியில். என் வீட்டுக்காரி, வாசற்படியில். அவள் தம்பி, பம்பர் எதிரில் குந்திக்கொண்டு. நான், வேனுக்கு அடியில்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா விழுப்புரத்தில் இருக்க வேண்டும். டயாலிசிஸ். கிட்னி போனதிலிருந்து குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே நின்றுவிடும். மெஷின்தான் எடுக்கும். ஒரு முறை தவறினால் மூச்சு முட்டும். அன்றைக்கு முகூர்த்தம். திண்டிவனம் முழுக்க விசாரித்தும் வாடகை வண்டி இல்லை. பஸ் படி அம்மாவால் ஏற முடியாது.

போன வாரம் ரேடியேட்டர் ஒழுகியது. மச்சான் மஞ்சள்தூள் போட்டான். டிரைவர்கள் செய்வதுதான். கொஞ்சம் போட்டால் ஓட்டை அடைபடும். இவன் பாக்கெட்டையே கொட்டிவிட்டான். ஓட்டையோடு உள்குழாயெல்லாம் அடைத்துக்கொண்டது. பழைய சாமான் கடையில் வேறொன்று வாங்கி வந்திருந்தோம்.

கீழ் ஹோஸைப் பிடுங்கினேன். மஞ்சள் சேறு முகத்தில் கொட்டியது.

"முகூர்த்த நாளும் அதுவுமா மாப்ளைக்கு நலங்கு ஆவுது பாருங்க" என்றாள் வீட்டுக்காரி.

"நீ வேற, சும்மா இரு அக்கா. நானே பேஜார்ல கெடக்கறேன்" என்றான் தம்பி.

கடைசி போல்ட் துரு. கையை உள்ளே விட்டேன். போல்ட் கழன்றது, கை வரவில்லை. அப்படியே கிடந்தேன். அங்கிருந்து அம்மாவின் பாதம் மட்டும் தெரிந்தது. வீங்கி, செருப்பு வாரில் பிதுங்கியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் இதே ரோடு. மூன்று நாள் லீவு என்றதும் எந்த முதலாளியும் என்னை வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. அதை யாரிடமும் சொன்னதில்லை. தோல் போனால் போகட்டும் என்று கையை இழுத்தேன்.

மாற்றி மாட்டினோம். குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினேன். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டிக்குக் கொடங்கொடமா ஊத்திக்கினு கீற. எனக்கு மட்டும் மூடியில அளந்து தர்ற. நான் இன்னாடா பாவம் பண்ணேன்?"

ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். வீட்டுக்காரி பாட்டில் மூடியில் தண்ணீர் கொடுத்தாள். அம்மா அதை வாயில் வைத்துக்கொண்டே வண்டியில் ஏறினாள்.

மயிலம் தாண்டும்வரை ஹீட் முள் அசையவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் கல்யாண வண்டிகள் வரிசை. நிற்க நிற்க முள் ஏறியது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. உள்ளே அம்மாவுக்கு மூச்சு இரைத்தது. இன்ஜினை நிறுத்தினேன். வரிசை நகர நகர, நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடக்க, மச்சான் பின்னாலிருந்து தள்ளினான்.

"ஜல்தி தள்ளுடா. மஞ்சள் கொட்டத் தெரிஞ்சுது இல்ல?" என்றாள் அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே.

டோல்கேட் தாண்டி ஓரம் கட்டி, முள் இறங்கியதும் எடுத்தோம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி தாண்டிவிட்டது.

"இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா இந்த பெட்ட வேற ஆளுக்குக் குடுத்திருப்பேன். ஏறுங்கம்மா" என்றாள் நர்ஸ்.

அம்மா எடை மெஷினில் ஏறி நின்றாள். போன தடவைக்கு மேல் உடம்பில் சேர்ந்திருந்த தண்ணீரின் எடையை நர்ஸ் கணக்குப் பார்த்துச் சொன்னாள்.

மூன்று கிலோ இருநூறு.