அசலில் எடுத்த மாப்பிள்ளை

"எட்டிப் போ, வாலறுந்த பயலே!"

காட்டுக் கழுதையைக் கல்லால் விரட்டிக்கொண்டே ஃபென்னா மலையேறுகிறாள். குறி தப்பாது, ஆனால் கல் கழுதையின் காலுக்கு முன்னால் மண்ணில்தான் விழும், உடம்பில் படாது. அவள் புகையிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினால் அடுத்த கல் வருகிறதென்று கழுதைகளுக்கே தெரியும்.

அவள் காப்பது பதின்மூன்று காட்டு ஆலிவ் மரங்களை. சகாரா பாலைவனத்து அஹக்கார் மலையில், அவர்கள் பள்ளத்தாக்கில் மிச்சமிருப்பவை அவ்வளவுதான். அவளுக்கு வயது ஐம்பத்தாறு. கூடாரம் அவளுடையது, புருஷன்கள் இருவர் வந்து இருந்துவிட்டுப் போனார்கள். ஏன் போனார்கள் என்று கேட்டால், "மரத்துக்குத் தண்ணி சுமக்கச் சொன்னேன், முதுகு வலிச்சுதாம்" என்பாள்.

வறட்சியில் ஆட்டுக்குக் கிளை வெட்ட வருகிறவர்கள் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும். முழுக்க அறுக்க விடமாட்டாள். பாதி வெட்டி, பட்டை ஒட்டியிருக்கும்படி தொங்கவிட வேண்டும்; ஆடு எட்டித் தின்னும், கிளையும் சாகாது. அடிமரத்தில் கிளம்பும் குருத்துகளைச் சுற்றி முள் அடைத்து வைத்திருப்பாள். எத்தனை முறை வெட்டுப்பட்டாலும் அடியிலிருந்து கிளம்பி வருகிற மரம் அது.

வினை நவால் ரூபத்தில் வந்தது. வடக்கே கடற்கரைப் பட்டணத்தில் தாவரங்களை ஆராய்கிற பெண். மரத்துக்கு இரண்டு இலை பறித்துக்கொண்டு போனவள், மறு வருஷம் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, பதிமூணும் ஒரே மரம். ஒரே வேர்லேர்ந்து கிளைச்சு வந்ததுங்க. அதான் பூத்தும் காய்க்கல. தன் பூந்தூள் தனக்கே ஒட்டாது. ஒரு நோய் வந்தா எல்லாம் ஒண்ணாப் போயிடும்."

அதைவிட மோசமான சேதி பின்னால் வந்தது. அரசாங்கப் பட்டியலில் இந்தப் பள்ளத்தாக்குக்கு 'மரம்: ஒன்று' என்றுதான் எழுதுவார்களாம். ஒற்றை மரத்துக்கு வேலி கிடையாது. கம்பியெல்லாம் வேறு பள்ளத்தாக்குக்குப் போகும். வேலி இல்லாவிட்டால் கழுதைகள் குருத்து விடாமல் மேய்ந்து, பத்து வருஷத்தில் மரங்களை முடித்துவிடும். ஃபென்னாவின் கைதான் எத்தனை காலம் கல் எறியும்?

"ஒண்ணா? உன் ஆபீசுக்கு எண்ணத் தெரியலன்னு போய்ச் சொல்லு!" என்றாள் ஃபென்னா. மூன்று சுற்று ஊற்ற வேண்டிய தேநீரை முதல் சுற்றோடு நிறுத்திக் குவளையைக் கவிழ்த்துவிட்டாள். அந்த மலையில் அது முகத்தில் அடித்த மாதிரி.

கோபம் கோபமாக இருக்க, சொன்ன விஷயத்தை அவள் பிடித்துக்கொண்டாள். காய்க்க வேறு மரத்துப் பூ வேண்டும், அவ்வளவுதானே? சோலைத் தோட்டங்களில் பேரீச்சைக்கு ஆண்பூ கட்டுகிறார்கள். ஆலிவுக்கும் கட்டிவிட்டால் போகிறது. நல்ல மழை பெய்து மரம் பூத்தபோது மாப்பிள்ளை தேடக் கிளம்பினாள். சொந்தத்தில் கொடுத்துச் சொந்தத்தில் எடுப்பதுதான் அவர்களுக்குக் கௌரவம். ஆகவே பள்ளத்தாக்கின் வாயிலுக்கு வெளியே, சொந்தக்காரர்கள் மேய்ச்சல் நிலத்தில் தனியாக நின்ற ஆலிவிலிருந்து பூங்கிளை ஒடித்து வந்தாள். அங்கே கல்யாணக் கூடாரத்தை ஏழு நாளும் பிரித்துப் பிரித்துக் கட்டுவார்களே, அதே முறையில் கிளையை ஏழு நாளும் மரம் மாற்றிக் கட்டினாள். ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை.

நவால் அந்த மரத்து இலையையும் சோதித்துச் சொன்னாள்: அதுவும் இதே மரம்தான். எந்தக் காலத்திலோ யாரோ பச்சைக் கழியை வெட்டிக் கூடாரக் காலாக நட்டு, விட்டுப் போயிருக்கிறார்கள். அது வேர்விட்டு நிற்கிறது.

அத்தை மகன் கென்னானுக்குக் கொண்டாட்டம். முறைக்காரர்கள் கேலி செய்தால் அங்கே யாரும் கோபிக்கக் கூடாது. முகத்திரை போட்டு வாயை மூடுவதும் அங்கே ஆண்கள்தான். "ஏ புள்ள, பொண்ணுக்கு அவளையே மாப்பிள்ளையாக் கட்டி வச்சிட்டியே! சீர் எவ்வளவு வாங்குன?"

"திரை போட்டு மூடியும் உன் வாய் அடங்கலியே மச்சான்! பாரு, அடுத்த மழைக்கு அசல்ல எடுக்குறேன்."

அசல் என்றால் மேற்குப் பள்ளத்தாக்கு, இரண்டு நாள் நடை. ஒரு கிணற்றுத் தகராறில் பதினெட்டு வருஷமாக இரண்டு பக்கத்துக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. அடுத்துப் பூத்த வருஷம் அவள் புறப்பட்டபோது ஆண்கள் வழிமறித்தார்கள்.

"அவனுங்க வாசல்லயா போய் நிக்கப் போற?"

"நிக்கத்தான் போறேன். உங்க ரோஷத்தைக் கட்டுனா மரம் காய்க்குமா?"

போய் நின்றாள். முதல் நாள் யாரும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மறுநாள் ஒருத்தி கூடாரத்தை விட்டு வெளியே வந்து, "எதுக்குடி வந்த?" என்றாள்.

"உன் மரத்துப் பூ வேணும். எது உன் மரம், எது என் மரம்னு கழுதை பாத்தா திங்குது? கிணத்துச் சண்டைய அப்புறம் வச்சுக்கலாம்."

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தானே மரமேறிக் கிளை ஒடித்துக் கொடுத்தாள். ஈரத் துணியில் சுற்றிய கிளையைப் பொதிகழுதை மேல் கட்டிக்கொண்டு ஃபென்னா ஊர் திரும்பினாள். "மாப்பிள்ளைக்கு ஒட்டகம் கிடைக்கலியா?" என்றான் கென்னான். அந்த வருஷம் பதினேழு காய் பிடித்தது. பறவைக்குப் போனது போக மிஞ்சிய ஆறு கொட்டைகளை முள்ளுக்குள் புதைத்தாள்.

போன மாதம் பட்டியல்காரர் நவாலோடு வந்தார். பதின்மூன்று அடிமரத்திலும் சிவப்புச் சாயத்தால் '1' என்று எழுதிக்கொண்டே போனார். ஃபென்னா ஏசவில்லை, அதுவே நவாலுக்குப் பயமாக இருந்தது. கடைசி மரம் முடிந்ததும் ஃபென்னா கொஞ்சம் தள்ளியிருந்த முள்ளை விலக்கிக் காட்டினாள். விரல் நீளத்துக்கு ஒரு செடி.

"வேர்க்குருத்தா இருக்கும் அக்கா," என்றாள் நவால் மெதுவாக.

ஃபென்னா மண்டியிட்டு, ஒரு விரலால் மண்ணைத் தள்ளினாள். செடிக்குத் தனி வேர். வேரின் தலைப்பில் பிளந்த கொட்டை ஓடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நவால் குனிந்தவள் நிமிரவில்லை. "கொட்டைலேர்ந்து முளைச்சது. இது வேற மரம்தான் அக்கா," என்றாள்.

"பட்டியலை முடிச்சிட்டேனேம்மா," என்றார் பட்டியல்காரர்.

ஃபென்னா மண்ணை மூடி அழுத்திவிட்டு எழுந்தாள். அவர் கையிலிருந்த சாய டப்பாவில் ஆள்காட்டி விரலை முக்கினாள். செடியில் எழுத இடமில்லை. பக்கத்தில் கிடந்த தட்டைக் கல்லில் பெரிதாக '2' என்று எழுதிவிட்டு, சாயம் காய்கிற வரைக்கும் அதை மறித்துக்கொண்டு நின்றாள்.