கோல் கீப்பருக்குப் போதுமான ஆங்கிலம்

1. புருவத்தில் பிளாஸ்டர்

ஜெனிற்றா எங்கள் வகுப்புக்கு வந்த அன்று அவளுடைய வலது புருவத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. யாழ்ப்பாணக் கடற்கரையோரக் குருநகர்ப் பிள்ளை. வயது இருபதைத் தாண்டியிருக்கும். வாசலில் குனிந்து வர வேண்டிய உயரம். தகப்பனும் தமையனும் கடற்றொழில், இவள் உதைபந்தாட்டத்தில் கோல் கீப்பர். மகளிர் தேசியக் குழுவுக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் முகாமுக்காகக் கொழும்பு போய், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பியிருந்தாள்.

நான் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். வீட்டில் சும்மா இருந்தால் மனைவிக்குத்தான் தொல்லை என்பதால், யாழ்ப்பாண நகரத்தில் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பு ஒன்றை நடத்துகிறேன். என்னோடு சேர்ந்து படிப்பிப்பவர் ரிஹானா மிஸ். புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, பெற்றோரின் ஊரான யாழ்ப்பாணத்துக்குக் குடும்பத்தோடு திரும்பி வந்தவர். என் மகளைவிட இளையவர். இந்தக் குறிப்பை எழுதுவதே அவருக்காகத்தான்.

முகாமில் நடந்தது இதுதான். கோச் வெளிநாட்டுக்காரர். சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் கலந்த குழு என்பதால் முகாமுக்குள் ஆங்கிலம் மட்டுந்தான் என்று சொல்லிவிட்டார். பயிற்சி ஆட்டத்தில் உயரமாக ஒரு பந்து வந்தது. அதைப் பிடிக்க ஜெனிற்றா ஓடினாள். அவளுக்கு முன்னால் தடுப்பாட்டத்தில் நின்ற குழுத் தலைவி சதுனி என்ற சிங்களப் பிள்ளையும் அதே பந்துக்குப் பாய்ந்தாள். தலையும் தலையும் மோதின. பந்து ஆறுதலாக உருண்டு கோலுக்குள் போனது. உன் கைகள் அருமை, ஆனால் வாய் திறக்காத கீப்பர் எனக்கு வேண்டாம் என்று கோச் சொல்லிவிட்டார். கடைசித் தெரிவு ஆட்டத்தில் இன்னொரு வாய்ப்புத் தருவதாகச் சொல்லியிருந்தார்; அதற்கு இரண்டு கிழமை, பதினாலே நாள், இருந்தது.

"ஏன் பிள்ளை வாய் திறக்கேல்லை?" என்று கேட்டேன்.

"திறந்தனான் சேர். 'அக்கா, விடுங்கோ, நான் எடுக்கிறன்' எண்டு சொல்லி முடிக்க முதல் இடிபட்டுப் போச்சு."

2. காற்றுக்கு முன்னால் பரீட்சை

எனக்கு உடனே உற்சாகம் வந்துவிட்டது. தன்னை அறிமுகப்படுத்துவது, வணக்கம் சொல்வது, நிகழ்காலம், இறந்தகாலம், தொடக்க நிலைச் சொற்கள் என்று இரண்டு கிழமைக்கும் மடமடவென்று ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தேன். ரிஹானா மிஸ் அதை மரியாதையாக வாசித்தார், மரியாதையாகவே மடித்து வைத்தார். பிறகு ஜெனிற்றாவிடம், எதிராளி பந்தை அடித்தால் உன்னிடம் வர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டார். அவள் ஒரு தரம் கையைத் தட்டிக் காட்டினாள்.

"அப்ப அதுக்குள்ளை சொல்லி முடிக்கிற சொல்லுதான் வேணும், சேர். மற்றதெல்லாம் பேந்து பாப்பம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் அடுத்த நாள் பின்னேரம் அவர்களோடு குருநகர் மைதானத்துக்குப் போனேன். அதற்கு முன்பே மிஸ் உதைபந்தாட்ட வீடியோக்கள் பலவற்றைப் போட்டு, ஆட்டத்தை விட்டுவிட்டு கீப்பர்களின் குரலை மட்டும் கேட்டிருக்கிறார். ஆட்டம் பற்றி ஒரு மண்ணும் தெரியாதவர். எங்கே யார் என்ன கத்துகிறார்கள், கத்தியதும் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

அன்று கடலிலிருந்து நல்ல காற்று. மிஸ் மைதானத்தின் நடுவில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். ஜெனிற்றா கோலிலிருந்து ஒவ்வொரு சொல்லாகக் கத்த வேண்டும். விளங்கினால் மிஸ் கையை உயர்த்துவார். கை உயராவிட்டால் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. "பிஹைண்ட் யூ" காற்றோடு போய்விட்டது. "லீவ் இட்" பாதி வழியில் செத்தது. "கீப்பர்" தெளிவாகப் போனது. பந்து என்னுடையது, விலகுங்கள் என்று அர்த்தம். "அவே" போனது. தூர அடி என்று அர்த்தம். பக்கத்தில் எதிராளி இல்லை, பதறாதே என்பதற்கு "டைம்". முன்னேறச் சொல்ல "அவுட்", பின்வாங்கச் சொல்ல "பாக்".

மரியாதைக்கு ஒரு "பிளீஸ்" ஆவது இருக்கட்டுமே என்று கேட்டுப் பார்த்தேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கோல் விழுந்துவிடும் என்றார் மிஸ். ஆனால் அதற்குப் பதிலாக "வெல் டன்" என்பதைத் தானாகவே சேர்த்தார்.

"ஆட்டம் முழுக்க ஆக்களை ஏவிக்கொண்டு நிக்கப் போறாள். செய்து குடுத்தவைக்கு ஒரு நல்ல சொல்லும் குடுக்க வேணுமெல்லோ?"

நான் எத்தனையோ பாடத் திட்டங்களைப் பார்த்தவன். ஆளின் வேலையையும் மனத்தையும் இப்படி ஒன்றாக நினைத்துச் சொல் தெரிந்தெடுத்த ஒருவரைப் பார்த்ததில்லை. அந்த இடத்திலேயே அதைச் சொன்னேன். அவர் வெட்கப்பட்டுத் தலையில் போட்டிருந்த ஷோலைச் சரிசெய்துகொண்டார்.

3. கனகு

ஒரு குறை இருந்தது. "அவே" என்று கத்தினால் யாருக்கு? முன்னால் நாலு பேர் நிற்கிறார்கள். ஆகவே அந்த நாலு பேரின் பெயர்களும் பாடத்தில் சேர்ந்தன. அங்கேதான் ஜெனிற்றா மாட்டிக்கொண்டாள். "சதுனி அக்கா" என்று தொடங்கும்போதே குரல் இறங்கிவிடும். மூத்தவளை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை அப்படித்தானே வளர்க்கிறோம்.

மிஸ் அவளோடு வாதாடவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

"சேர், ஒருக்காப் போய் டிபென்ஸிலை நில்லுங்கோ. உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள் எண்டால் இவள் ஆரையும் கூப்பிடுவாள்."

என் பெயர் கனகசபை. ஜெனிற்றாவின் தாய்க்கும் நான்தான் படிப்பித்தேன். அம்மா கேள்விப்பட்டால் தோலை உரித்துவிடுவா என்று ஜெனிற்றா பின்வாங்கினாள். எனக்கும் அவ்வளவு பிடிக்கவில்லை. என் மனைவியே என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் வாய்ப்பு இதில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு போய் நின்றேன்.

முதல் தரம் "கனகசபை சேர்" என்று காதருகே ரீங்கரிக்கும் நுளம்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. சேரைக் கழற்று என்றார் மிஸ். அடுத்த தரம் "கனகசபை" என்று அவள் முடிப்பதற்குள் மிஸ் உருட்டிவிட்ட பந்து என் கால்களுக்கு இடையால் போய்விட்டது. பெயர் நீளம், சுருக்கு என்றார் மிஸ். ஜெனிற்றா கண்ணை மூடி மூச்சை இழுத்தாள்.

"கனகு! அவே!"

உள்ள பலமெல்லாம் சேர்த்து உதைத்தேன். மைதானத்து ஓரத்தில் கிழிந்த மீன்வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழும்பிப் பார்த்தார்கள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அவளுடைய குரல் வந்துவிட்டது. அந்த இரண்டு கிழமையும் குருநகர் மைதானத்தில் நான் கனகுதான்.

4. தமையன் அனுப்பிய வீடியோ

தெரிவு ஆட்டத்துக்கு அவளோடு கொழும்பு போன தமையன் போனில் எடுத்து அனுப்பினான். வகுப்பு இடைவேளையில் நானும் மிஸ்ஸும் பார்த்தோம். படம் ஆடியது, பாதி நேரம் யாரோ ஒருவரின் குடைதான் தெரிந்தது. ஆனால் குரல் ஓயவில்லை. "சதுனி, டைம்!" "வெல் டன்!" "அவுட், அவுட்!" கடைசி நேரத்தில், அன்றைக்கு வந்த மாதிரியே உயரமாக ஒரு பந்து வந்தது.

"கீப்பர்!"

சதுனி பாயவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் தலையைக் குனிந்து விலகினாள். ஜெனிற்றா பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிஸ் வீடியோவைப் பின்னுக்கு ஓடவிட்டு, கண்ணை மூடி இன்னொரு தரம் கேட்டார். "பாக்" சரியாகக் கேட்கவில்லை, அதை மாற்ற வேண்டும் என்றார்.

ஜெனிற்றா தெரிவாகிவிட்டாள்.

இளம் ஆசிரியர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் உண்டு. எந்தச் சொல்லைப் படிப்பிக்கலாம் என்று புத்தகத்தைத் திறக்க முதல், அந்தச் சொல்லை அந்த ஆள் எங்கே நின்று, யாருக்கு, எவ்வளவு நேரத்துக்குள் சொல்லப் போகிறார் என்று போய்ப் பாருங்கள். ரிஹானா மிஸ் அதைத்தான் செய்தார். இப்போதும் செய்கிறார்.

குழுவோடு பயிற்சிக்குப் போய் விடுமுறையில் வந்த ஜெனிற்றா நேரே வகுப்புக்கு வந்தாள்.

"மிஸ், சாப்பாட்டு மேசையிலையும் இங்கிலிஷ்தான். அவை பகிடி விட்டுச் சிரிக்கினம். நான் சோத்துக் கோப்பையைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். அவையோடை சேந்து சிரிக்கிறதுக்கும் எனக்குச் சொல்லுகள் வேணும்."

மிஸ் கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே அமர்ந்தார். எதைப் பற்றிச் சிரிக்கிறார்கள் என்று கேட்டார்.

"கூடுதலா என்ரை சத்தத்தைப் பற்றித்தான், மிஸ். ஒவ்வொரு நாளும் வாற பருப்புக் கறிச் சட்டியைக் கண்டால் சதுனி என்னை மாதிரியே 'அவே' எண்டு கத்திக் காட்டுறா."