குறைநீக்கல் வகுப்பில் ஒரு மணி நேரம்

தர்மினி ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது கட்டு வேண்டும். எட்டு வருடம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மின்னணுச் சில்லுகளில் குறை தேடிப் பழகிய விரல்கள். வேகத்தைக் கேட்கவே வேண்டாம். அந்த வேலையை விட்டுவிட்டு முப்பத்து மூன்று வயதில் பட்டதாரி ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவள். மூன்று மாதமாக ஜார்ஜ்டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பயிற்றுப்பணி. உடன் பயிலும் அதிராதான் அவளுக்கு ஜோடி. இருவரும் சேர்ந்து பாடம் திட்டமிட வேண்டும். ஒருத்தி நடத்தும்போது மற்றவள் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும்.

மறுநாள் விரிவுரையாளர் கடைசி முறையாகப் பார்வையிட வருகிறார். சென்ற முறை தர்மினிக்கு மதிப்பெண் போதவில்லை. இம்முறையும் தவறினால் அரை வருடத்தைத் திரும்பச் செய்ய வேண்டும். சென்ற முறை இடறியது ஹன்னாவிடம். எட்டு வயதுப் பிள்ளை. வகுப்பில் வாய் திறக்காது. பலகைக்கு முன்னால் வந்ததும் உறைந்து நின்றுவிட்டது. பாதிப் பாடம் அதிலேயே போயிற்று. அதற்குப் பிறகு தர்மினி தினமும் ஓய்வு நேரத்தில் அவளோடு உட்கார்ந்தாள். போன வாரம்தான் ஹன்னா ஒரு கட்டை அவிழ்த்து எண்ணிவிட்டு, "பத்து, டீச்சர்" என்றாள்.

"நாளைக்கு ஹன்னாவக் குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்பிடறேன். ஒரு மணி நேரந்தானே" என்றாள் தர்மினி. பாடத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனி அறையில் நடக்கும் வகுப்பு அது.

"ஐயோ அக்கா, இப்பத்தான் வாயத் தொறந்துச்சு! இது பேக்டரி இல்லலா, ரிஜெக்ட் தட்டுல தூக்கிப் போட."

"உனக்கென்ன, நீ பாஸாயிட்ட. இல்லாட்டியும் உங்க அத்தா கடையில நாசி கண்டார் சோறு போடப் போயிடுவ. நான் எங்க போறது?"

"கறி ஊத்தறது லேசுன்னு நெனச்சீங்களா? வந்து பாருங்க" என்றாள் அதிரா. ஆனால் சிரிக்கவில்லை.

வழிகாட்டி ஆசிரியை புஷ்பராணி நோட்டுகளைத் திருத்தியபடியே சொன்னார்: "எல்லாரும் செய்யறதுதான்மா. விரிவுரையாளர் வர்ற அன்னிக்கு அந்த வகுப்பு எப்பவும் நெறஞ்சிதான் இருக்கும்."

மறுநாள் பாடம் தடங்கலில்லாமல் நடந்தது. இருபத்திரண்டு பிள்ளைகளும் கட்டை அவிழ்த்து, கழித்து, விடை சொன்னார்கள். விரிவுரையாளர் தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுப் போனார்.

தர்மினி ஹன்னாவை அழைத்துவரப் போனாள். குறைநீக்கல் ஆசிரியர் பயிற்சிப் பட்டறைக்குப் போயிருந்ததால் அன்று அந்த வகுப்பே இல்லை. அதை அவள் விசாரிக்கவே இல்லை. அறையில் விளக்கில்லை, விசிறியில்லை. "டீச்சர் வர்ற வரைக்கும் உக்காரு" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பிள்ளை அப்படியே உட்கார்ந்திருந்தது. பாவாடை நனைந்திருந்தது; நாற்காலிக்கு அடியில் சிறுநீர் தேங்கிக் கிடந்தது. வெளியே போக அனுமதி கேட்க ஆளில்லை, எழுந்திருக்கவும் இல்லை.

அந்த நிலையில் இருக்கும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது தண்ணீர். தர்மினி கழுவிவிட்டு, விளையாட்டுக் காற்சட்டை ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டுவிட்டாள். அதிரா தரையைத் துடைத்தாள். "தப்பு என்மேலதான்மா" என்று தர்மினி சொன்னபோது ஹன்னா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம், மாக் மண்டின் தொழிற்பேட்டையில் வேலை முடித்து வந்த ஹன்னாவின் தாயைப் போனில் பிடித்து நடந்ததைச் சொன்னாள். தாய் திட்டவில்லை.

"பரவால்ல டீச்சர். அவளால எல்லாருக்கும் கஷ்டந்தான்."

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

மறுநாள் காலை ஹன்னா வகுப்புக்கு வரவில்லை. பள்ளி வாசலிலிருந்து பையோடு நேராகக் குறைநீக்கல் அறைக்குப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். ஒருவரும் அனுப்பவில்லை. தர்மினி கூப்பிட்டும் வரவில்லை. கையைப் பிடித்தபோது கையை இழுத்துக்கொண்டாள்.

தர்மினி நடைவழியில் நின்று விரிவுரையாளரைப் போனில் அழைத்தாள். நேற்றைய வகுப்பில் ஒரு பிள்ளையைத் தானே ஒளித்து வைத்ததாகவும், பாடத்தைத் திரும்பப் பார்வையிட வேண்டுமென்றும் சொன்னாள். அவர், "அறிக்கை அனுப்பிட்டேனே. மேல கேட்டாத்தான் தெரியும். அரை வருஷத்தையும் முழுசாத் திரும்பச் செய்யச் சொல்லலாம்" என்றார்.

"சரிங்க சார்."

அவள் முதல் பாடத்தை எடுக்கும்படி அதிராவிடம் சொல்லிவிட்டு, அறைக்குள் போய் விசிறியைப் போட்டாள். ஒரு சின்ன நாற்காலியை இழுத்து ஹன்னாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஹன்னா திரும்பிப் பார்க்கவில்லை. ஓய்வு மணி அடிக்கும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.