W/o இளவரசு

தனக்கோடி இரண்டு முறை அந்த ஆங்கிலத் தேர்வை எழுதினாள். கேட்பதில் தேறினாள், படிப்பதில் தேறினாள், பேசுவதிலும் தேறினாள். எழுதுவதில் மட்டும் இரண்டு முறையும் விழுந்தாள். சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினான்கு வருடமாக நர்ஸ். தினமும் நாற்பது பேருடைய கேஸ் ஷீட்டில் ஆங்கிலத்தில் எழுதித் தள்ளுகிறவள் எழுத்தில் விழுந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? அவளே முதலில் நம்பவில்லை.

அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லம் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. மூன்று வருட ஒப்பந்தம். மார்ச்சுக்குள் தேறினால் அவளுக்கு, இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு. வயது முப்பத்தொன்பது ஆகிவிட்டது. தாழங்குடாவில் கடலோரத்து வீட்டில் பிறந்து, அந்தத் தெருவிலேயே முதன்முதலாக நர்சிங் படித்த பெண் அவள். அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து, அவளிடம் ஊசி போடக் கற்றுக்கொண்ட பெண்களெல்லாம் விமானம் ஏறிப் போய், அங்கிருந்து வீடியோ காலில் பனியைக் காட்டினார்கள். 'அழகாயிருக்குடி' என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது.

மூன்றாவது முறைக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். அங்கே பாடம் எடுத்த சுவாதி இவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். முதல் கட்டுரையிலேயே இருபத்து மூன்று இடத்தில் சிவப்பு வட்டம் போட்டுக் கொடுத்தாள்.

"சிஸ்டர், பரீட்சைக் கட்டுரையில சுருக்கி எழுதக் கூடாது. டிட் நாட்டுன்னு முழுசா எழுதுங்க, டிடின்ட்டுன்னு எழுதாதீங்க. பேஷண்ட்டுன்னு எழுதுங்க, வெறும் pt போடாதீங்க. திருத்துறவங்க உங்க வார்டுல வேலை பாக்கறவங்க இல்ல."

தனக்கோடிக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. முழுசாக எழுதுவதுதான் பள்ளிக்கூட இங்கிலீஷ் என்றும், மேலே ஒரு கொக்கி போட்டுச் சுருக்குவதுதான் அசல் வெள்ளைக்காரன் இங்கிலீஷ் என்றும் இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஒவ்வொரு கொக்கியையும் மெனக்கெட்டுப் போட்டிருந்தாள், பாவம்.

காரணம் தெரிந்துவிட்டால் போதுமா? ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள், நர்சின் கை மட்டும் இருக்குமா? 'நோயாளி' என்று மனதில் நினைத்தால் கை pt என்று எழுதி முடித்திருக்கும். 'சொல்கிறார்' என்றால் c/o. 'இல்லாமல்' என்றால் w/o. எழுதியதை மூன்று முறை திரும்பப் படிப்பாள், ஒன்றுகூடக் கண்ணில் படாது. அவளுக்கு அவையெல்லாம் சுருக்கமே அல்ல, சொற்கள். தன் முதுகு தனக்குத் தெரியாது.

முதுகைப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஓர் ஆள் இருந்தான். அவள் கணவன் இளவரசு பரங்கிப்பேட்டையில் தபால்காரன். பத்தாவது வரைக்கும் படித்தவன். தெருவுக்கு நாலு வீட்டிலாவது வெளிநாட்டில் ஒருவர் இருக்கும் அந்த ஊரில், பாஸ்போர்ட்டும் பதிவுத் தபாலும் கொடுத்துக் கொடுத்தே இருபது வருடத்தை ஓட்டியவன். ஆங்கிலத்தில் எழுத வராது. ஆனால் எழுத்துக் கூட்டி எதையும் படித்துவிடுவான், எந்தக் கிறுக்கல் முகவரியும் அவனிடமிருந்து தப்பியதில்லை.

ஒரு மாலை, நோயாளியோடு உறவினர் வார்டில் தங்கலாமா என்ற தலைப்பில் எழுதிய கட்டுரையை மேஜையில் வைத்துவிட்டு அவள் டீ போடப் போனாள். திரும்பி வந்தபோது இளவரசு அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசனையாக உட்கார்ந்திருந்தான்.

"கோடி, இந்த பி.டி. வாத்தியார் யாரு?"

"எந்த பி.டி. வாத்தியார் மாமா?"

"இன்னா எந்த வாத்தியார்னு என்னையே கேக்குற. நீதான எழுதியிருக்க. பி.டி., கேர் ஆஃப் செஸ்ட் பெயின். நெஞ்சுவலி வூட்ல தங்கியிருக்காரு போல. எந்தத் தெரு? இந்த ஊர்ல எனக்குத் தெரியாம ஒரு நெஞ்சுவலி இருக்காரா?"

தனக்கோடி டீயைக் கீழே வைத்தாள்.

"அது கேர் ஆஃப் இல்ல மாமா. நெஞ்சுவலின்னு சொல்றாரு."

"சரி, அடுத்தது. கேம் ஒய்ஃப் ஆஃப் ரிலேட்டிவ்ஸ். சொந்தக்காரங்களோட பொண்டாட்டி வந்தாங்க. எந்த சொந்தக்காரங்க? எத்தினி பேருக்கு ஒரு பொண்டாட்டி?"

w/o என்றால் அவனுக்கு 'மனைவி', அவளுக்கு 'இல்லாமல்'. நெஞ்சு வலிக்கிறது என்று துணையில்லாமல் வந்து சேர்ந்த ஒரு கிழவரை உருக்கமாக எழுதியிருந்தாள். அவர் அவன் வாயில் விழுந்து இந்தக் கதிக்கு ஆளாகியிருந்தார். அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்து முடித்தபோதுதான் உறைத்தது. தனக்கு மூன்று முறை படித்தும் தெரியாதது இவனுக்கு ஒரே வாசிப்பில் தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. சாயங்காலம் பஸ் இறங்கி வந்ததும் ஒரு கட்டுரை எழுதுவாள். அவன் சத்தமாகப் படிப்பான். எங்கே நிற்கிறானோ அங்கே அவள் முழுசாகத் திருத்தி எழுத வேண்டும். மேலே தொங்கும் கொக்கிக்கு அவன் வைத்த பேர் கொசு. "இன்னிக்கு ஒன்பது கொசு கோடி, ஜாஸ்தியாப் போச்சு" என்பான். தப்பு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "இவரு யாரு?" என்று மட்டும்தான் கேட்பான். பகலெல்லாம் வெயிலில் வண்டியில் அலைந்துவிட்டு வந்து, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல், தனக்கு அரைகுறையாகவே புரிகிற பாஷையில் வார்டு சமாச்சாரங்களை வரிவரியாகப் படித்தான். இரண்டு மாதம், ஒரு நாள் விடாமல்.

போகாதே என்று அவன் சொல்லியிருக்கலாம். மகள் இளமதி பிளஸ் ஒன் படிக்கிறாள், அதையே காரணமாகச் சொல்லியிருக்கலாம். ஊரில் யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். அவன் படிக்கும் ஒவ்வொரு கட்டுரையும் தன்னை வீட்டிலிருந்து ஓர் அடி தள்ளிக்கொண்டு போகிறது என்று தனக்கோடிக்குத் தெரியும். அது அவனுக்கும் தெரியும் என்பதும் தெரியும். தெரிந்தும் படித்தானே என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோகும். இப்படி ஒருவன் தனக்குக் கிடைத்ததற்கு எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், சிதம்பரத்தில் பஸ் ஏறும்போது கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு வைப்பாள்.

சென்னையில் தேர்வு. மூன்றாவது வரியிலேயே கை தன் வேலையைக் காட்டிவிட்டது, w/o என்று. பேனா அடுத்த சொல்லுக்குப் போவதற்குள் காதருகே ஒரு குரல், "யாரோட பொண்டாட்டி கோடி?" அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மேற்பார்வையாளர் எழுந்து நின்று பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு, அதை அடித்துவிட்டு முழுசாக எழுதினாள். பிறகு கடைசி வரி வரைக்கும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே எழுதினாள். தேறிவிட்டாள்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஒரு புதன்கிழமை, அவள் வாராந்திர விடுப்பில் வீட்டில் இருந்தபோது, வாசலில் வண்டி ஹாரன் கேட்டது. இளவரசு காக்கியோடு நின்றான். கையில் ஸ்பீடு போஸ்ட். அயர்லாந்து போவதற்காகத் தபாலில் வர வேண்டியிருந்த கடைசிக் காகிதம், அவளுடைய நர்சிங் பதிவுச் சான்று.

"ஐடி கார்டு காட்டுங்கம்மா. ஆள் யாருன்னு தெரியாம குடுக்க முடியாது" என்றான்.

"இன்னா மாமா விளையாடுற" என்று சிரித்துக்கொண்டே உறையை வாங்கினாள். வாங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். மேலே ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது: தனக்கோடி, w/o இளவரசு. பதினேழு வருடமாக எத்தனையோ காகிதத்தில் பார்த்த அதே எழுத்துதான். இன்றைக்கு மட்டும் அவள் கண் அதை வார்டு எழுத்தாகப் படித்துவிட்டது.

"மாமா, எங்க வார்டுல இதுக்கு இன்னா அர்த்தம் தெரியுமில்ல?"

"தெரியும்" என்றான் இளவரசு. "காலையில ஆபீஸ்ல தபால் பிரிக்கறப்பவே பாத்துட்டேன்."

கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனான். அவள் உறையைப் பிரிக்காமல் சாப்பாட்டு நேரம் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுவாரம் இருவரும் மஞ்சக்குப்பம் போனார்கள். வேலைக்கு ஓர் உறுதிமொழிப் பத்திரம் தேவைப்பட்டது. டைப் அடிக்கும் கடையில் பட்டம்மாள் என்ற அம்மாள் மளமளவென்று அடித்து நீட்டினார். தனக்கோடி முதல் வரியைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இந்த w/o வேணாங்க. வைஃப் ஆஃப்னு முழுசா அடிச்சுக் குடுங்க."

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா அடிக்கிறேன். ஆபீஸ்ல ஒத்துக்குவாங்க."

"அவுங்க ஒத்துக்குவாங்க. எனக்கு முழுசா இருக்கணும்."

பட்டம்மாள் இவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மறுபடியும் அடித்தார். சூடாக வெளியே வந்த தாளைத் தனக்கோடி வாங்கி, இளவரசுவிடம் நீட்டினாள்.

"படி மாமா."

அவன் கடைவாசலில் வெளிச்சத்துக்கு வந்து நின்று, வழக்கம்போல எழுத்துக் கூட்டி, சத்தமாக முதல் வரியைப் படித்தான். எந்த இடத்திலும் நிற்கவில்லை.