விழுப்புரம் அக்காவின் மூக்கு

"உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்று வங்கியின் பதிவுக்குரல் மறுபடியும் சொன்னபோதுதான் கவனித்தேன். என் பேனா பழைய கவரின் மேல் ஒரு பெண்ணின் முகத்தைக் கிறுக்கிக்கொண்டிருந்தது.

அது அம்மாவின் பழக்கம். எண்பதுகளில் அவள் திண்டிவனம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். பள்ளி விட்டதும் நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். டிரங்க்கால் லைனுக்குக் காத்திருக்கும்போதெல்லாம், விழுப்புரத்திலிருந்து பேசும் ஆபரேட்டரின் முகத்தை வேண்டாத தாளில் பென்சிலால் வரைவாள். நேரில் பார்த்ததேயில்லை, எல்லாம் குரலை வைத்துத்தான்.

"அக்காவுக்கு இன்னிக்கு சளி புடிச்சிக்கினு இருக்குது" என்று மூக்கைப் பெரிதாக்கிவிட்டுத் தனக்குள் சிரிப்பாள். அம்மாவுக்கு வேறு சிநேகிதி இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஒருமுறை விழுப்புரத்துக்குக் கல்யாணத்துக்குப் போனபோது, பூ வாங்கிக்கொண்டு அங்கிருந்த நிலையத்தின் வாசல்வரை என்னை இழுத்துப்போனாள். உள்ளே அந்தக் குரல் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"நேர்ல பாத்துட்டா அப்பறம் என்னாத்த வரையறது? வாடி, போலாம்."

திரும்பும் பஸ்ஸில் அந்தப் பூவை என் தலையில் வைத்துவிட்டாள்.

பதிவுக்குரல் இன்னும் அதையேதான் சொல்கிறது. கவரில் கண்ணும் வாயும் வந்துவிட்டன. மூக்கைத்தான் எப்படிப் போடுவதென்று தெரியவில்லை. இந்தக் குரலுக்கு ஒருநாளும் சளி பிடித்ததில்லை.