அச்சேறாத ஒரு மரண அறிவித்தல்

மரண அறிவித்தல் வாங்குகிற வேலையில், வாடிக்கையாளரிடம் "மறுபடியும் வாங்க" என்று சொல்ல முடியாது. கவுண்டருக்குப் பின்னால் காலம் தள்ளியவர்களுக்கு என் சங்கடம் புரியும். எண்பதுகளில், ஒரு மலாய்த் தீவின் ஜார்ஜ்டவுனில், ஒரு தமிழ் நாளிதழின் கிளையில் எனக்கு அதுதான் வேலை.

தைலம்

எனக்கு வேண்டியது பெயர், வயது, அடக்க நேரம். ஆனால் வருகிறவர்கள் கடைசி நிமிடத்தையும் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். விழுந்தார், தண்ணீர் தெளித்தோம், தைலம் தேய்த்தோம், ஏற்றிப்போக ஒரு கெரேத்தா, கார், தேடினோம். கதை மாறாது. கெப்பாலா பத்தாஸிலிருந்து வந்த ஓர் அம்மாள் தன் உள்ளங்கையை மோந்து பார்த்தபடி சொன்னார்: "ஒரு புட்டி தைலம் தீர்ந்துபோச்சு தம்பி. தேய்ச்ச எனக்குத்தான் சூடு ஏறிச்சு, அவருக்கு ஏறல."

மூன்று மணிக்கு முன்னால்

மறுநாள் பேப்பருக்கான மரண அறிவித்தல் பக்கம் மூன்று மணிக்கு முடியும். ஒரு நாள் இரண்டரைக்கு கணேசன் ஓடி வந்தார். பக்கத்துத் தெருக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் கிராணி. பாகான் டாலாமிலிருந்து போன் வந்ததாம்: அண்ணன் மாணிக்கம் சாப்பிட்டு எழுந்தவர் விழுந்துவிட்டார், மூச்சில்லை, போய்விட்டார். ஃபெரி ஏறி அக்கரையிலுள்ள அண்ணன் வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பக்கம் முடிந்துவிடும் என்று நேராக என்னிடம் வந்திருக்கிறார். வயது ஐம்பத்திரண்டு என்று அழுதுகொண்டே சொன்னார். எழுதினேன்.

அடக்க நேரம் கேட்கச் சொல்லித் தொலைபேசியை நகர்த்தினேன். பேசியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நிறுத்துங்க லா அண்ணே! பக்கத்து வீட்டுப் பொண்ணு நெஞ்ச அமுக்கிக்கிட்டே இருந்துச்சாம். இப்பத்தான் ஆம்புலன்ஸ்ல ஏத்தியிருக்காங்க. செத்துட்டாரா இல்லையான்னு யாருக்கும் சொல்லத் தெரியல!"

தாளை இழுப்பறையில் வைத்தேன். கிழிக்கத் துணிச்சல் வரவில்லை.

அந்தப் பெண்

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் மின்சாரம் பாய்ச்சி இதயத்தை ஓட வைத்தார்கள். மாணிக்கம் கண் விழித்த பிறகு நான் அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். பெயர் தேவி. புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை. முதலுதவி வகுப்புக்கு வேறு யாரும் கை தூக்காததால் இவளை அனுப்பியிருந்தார்கள்.

அன்று சத்தம் கேட்டு ஓடிவந்தவள் மாணிக்கத்தைக் கூப்பிட்டாள், தோளைத் தட்டினாள், அசைவில்லை. எப்போதாவது மீன் போல வாயைத் திறந்தார். "மூச்சு இருக்கு" என்றார்கள் உறவினர்கள். அது மூச்சில்லை என்று அவளுக்குத் தெரியும். தைலப் புட்டியைத் தள்ளிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து அமுக்க ஆரம்பித்தாள். நடுநடுவே வாயோடு வாய் வைத்து ஊதியபோது, "கல்யாணமாகாத பொண்ணு செய்யுற வேலையா இது?" என்று ஒருவர் கத்தினார். அவள் நிமிரவே இல்லை. இருபது நிமிடம் அமுக்கினாள்.

அவள் மணிக்கட்டு என் மூன்று விரல் அகலம்கூட இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்துச் சொன்னாள்: "அவர எழுப்பணும்னு அமுக்கல அண்ணே. மூளைக்கு ரத்தம் போகணும்ல. ஆஸ்பத்திரில எழுப்புற வரைக்கும் அவர் இதயத்தோட வேலைய என் கை செஞ்சுது, அவ்ளோதான்."

நேரில் வந்தவர்

இரண்டு மாதம் கழித்து, அமுக்கியதில் நொந்திருந்த விலா எலும்பைப் பிடித்தபடி ஒருவர் வந்து நின்றார். மாணிக்கம். தம்பி சொன்னதாகச் சொல்லி, இழுப்பறையிலிருந்த தாளைக் கேட்டு வாங்கினார். தன் மரண அறிவித்தலைத் தானே படிக்கிற வாடிக்கையாளரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எழுந்து நின்றுவிட்டேன். அவர் இரண்டு தரம் படித்தார். "எனக்கு அம்பதுதான் தம்பி. செத்துட்டா வயசக் கூட்டிப் போட்டுடுவானா கணேசன்?"

அந்த மாதமே நானும் கணேசனும் முதலுதவி வகுப்பில் சேர்ந்து ரப்பர் பொம்மையை அமுக்கப் பழகினோம். மரண அறிவித்தல் வாங்குகிறவன் செய்கிற வேலையா இது என்று எங்கள் மேனேஜர் ஓய்வு பெறும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.