எழிலரசி எடுக்காத செய்தி

வேங்கிக்காலில் இருந்த அந்தத் தனியார் பால் கம்பெனியில் எழிலரசி டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தது தொண்ணூற்றாறில். சுற்றுவட்டார ஊர்களில் கம்பெனிக்குப் பால் சேகரிக்கும் நிலையங்கள் இருந்தன. ஆபீஸ் சொல்வதை அவற்றுக்குப் போனில் சொல்வதுதான் அவள் வேலை. பௌர்ணமி வந்தால் போதும், கிரிவலக் கூட்டத்தில் மாட்டாமல் வேன் எந்த வழியாக வரவேண்டும் என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டிவிடும்.

2004-ல் நிலையங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் வந்தது. கம்பெனி ஆட்கள் மட்டும் பார்க்கக்கூடிய உள் நெட்வொர்க். வெளியாள் நுழைய முடியாது. அதில் ஆபீஸ் அறிவிப்புகளுக்கென்று ஒரு பக்கம். வேலை போய்விட்டது என்றே எழிலரசி நினைத்தாள். மேனேஜர் முருகவேல், "அறிவிப்புப் பக்கத்த நீயே பாத்துக்கம்மா" என்ற பிறகுதான் மூச்சு வந்தது.

முதலில் ஆபீஸ் உத்தரவு மட்டும்தான் போனது. "சென்டர்ல இருக்கறவங்களும் எழுதற மாதிரி வெச்சா நல்லா இருக்கும் சார்" என்று அவள் கேட்டாள். முதலாளி பலராமனும் சரி என்றார். ஆனாலும் பொங்கல் வாழ்த்தைத் தவிர யாரும் எதுவும் எழுதவில்லை.

ஒருநாள் காலையில் கீழ்பென்னாத்தூர் நிலையத்திலிருந்து ஒரு செய்தி. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள், பால் பரிசோதிக்கும் சந்திரகலா.

"இங்க லேடீஸுக்கு கக்கூஸ் இல்ல. விடியக்காலம் வந்தா மதியம் வரைக்கும் தண்ணி குடிக்காம இருக்கோம். ஒருத்திக்கு நீர்க்கடுப்பு வந்து லீவுல இருக்கா."

முருகவேல் பதறிக்கொண்டு வந்தார். "இத எடுத்துடு. எல்லா சென்டரும் பாத்துட்டு இருக்கு."

"பாக்கறதுக்குத்தானே சார் வெச்சிருக்கோம்."

"எழில், உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

வீட்டில் நோயாகப் படுத்திருக்கும் அப்பா அவள் ஞாபகத்துக்கு வந்தார். ஆனாலும் சொன்னாள்: "என் கையால எடுக்க மாட்டேன் சார்." அவளைத் தவிர அதை எடுக்க அங்கே யாருக்கும் தெரியாது.

மதியத்துக்குள் அந்தச் செய்திக்குக் கீழே வேறு நிலையங்களிலிருந்தும் எழுதினார்கள். இங்கயும் அதே கதைதான் என்று. இனி எடுத்தும் பயனில்லை.

சாயங்காலம் பலராமன் இருவரையும் கூப்பிட்டார். "எத்தன வருஷமா இப்படி? எனக்கு ஏன் தெரியல?"

எழிலரசி முந்திக்கொண்டு பேசினாள். "போன்ல நாங்க சொல்றத மட்டும்தாங்க அவங்க கேட்டுட்டு இருந்தாங்க. அவங்க சொல்றத நாங்களும் கேக்கல."

மறுநாளே கீழ்பென்னாத்தூருக்குக் கொத்தனார் போனார். மற்ற நிலையங்களுக்கு இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. அவள் விடாமல் நினைவுபடுத்தினாள். முருகவேல் மட்டும் ரொம்ப நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு அவரே ஒருநாள் அவள் மேஜைக்கு வந்தார். "பொண்ணுக்குக் கல்யாணம். எல்லா சென்டருக்கும் தெரியற மாதிரி போடும்மா. ஒருத்தர் விடாம வரணும்."

அந்தக் கல்யாணப் பந்தியில்தான் எழிலரசியும் சந்திரகலாவும் முதன்முதலாக நேரில் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்துப் பக்கத்து இலை.

"அடுத்து பஸ் விஷயம் எழுதப் போறேன்" என்றாள் சந்திரகலா. "விடியக்காலத்துல பஸ்ஸே இல்ல. கம்பெனி வேன்லயே எங்களையும் ஏத்திட்டு வந்தா என்ன?"

எழிலரசி சிரித்தாள். "எழுதுங்கக்கா. நான் இருக்கேன்."